துருத்தியும் கீபோர்டும்

விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகிற சாலையில் இருக்கிறது எங்கள் மல்லாங்கிணறு. சுற்றிலும் கரிசல். மழை பெய்தால் பருத்தி, மிளகாய், சோளம். பொய்த்தால் சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்க வேண்டியதுதான். இந்த ஊரில் இருந்துகொண்டு நான் பார்க்கும் தொழில், பெடல் ஆர்கன் பழுது பார்ப்பது. கோயில்களில் காலால் மிதித்து வாசிப்பார்களே, அந்த ஆர்கன். (எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஆலயத்தைக் கோயில் என்றே சொல்லிப் பழகியவர்கள்.)

தொழில் பெரியப்பாவிடமிருந்து வந்தது. அவர் தச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு, மேசை வேலைக்குப் போன இடத்தில், "இதுவும் மரவேலைதானே, பாருங்களேன்" என்று ஓர் ஆர்கனைக் காட்டியிருக்கிறார்கள். திறந்து பார்த்தவர் விடவில்லை. பிறகு நாடகக்காரர்களின் கால் ஆர்மோனியமும் அவரிடம் வரத் தொடங்கியது. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை. அந்த முப்பது வருஷமும் எங்கள் சீமையில் அதற்குச் சோறு போட்டவை நாடக மேடையும் கோயிலும்தான் என்று பெரியப்பா அடிக்கடி சொல்வார். எனக்கு அவர் கொடுத்த முதல் பாடம்: "முதல்ல காதைக் கொடு. கை பொறவு வரட்டும்."

அமெரிக்காவிலிருந்து மிஷனரிகளோடு கப்பலேறி வந்த எஸ்டே, மேசன் அண்ட் ஹாம்லின் போன்ற ஆர்கன்களில் துருத்தி காற்றை உள்ளே இழுக்கும். நம்மூர்க் கைப்பெட்டி ஆர்மோனியத்தில் காற்றைத் தள்ளும். இரண்டிலும் சத்தம் பிறப்பது ஒரே இடத்தில்தான்: பித்தளை ரீடில், ஒரு பக்கம் மட்டும் பிடித்துவைத்த மெல்லிய தகட்டில். அந்தத் தகட்டின் நுனியில் லேசாகச் சுரண்டினால் சுருதி ஏறும். அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். சுரண்டிய பித்தளையைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் சுரண்டுவதற்கு முன்பு பத்துத் தடவை கேட்க வேண்டும். பாதி நேரம் சுரண்டவே தேவைப்படாது. தகட்டுக்கடியில் ஒரு தூசி உட்கார்ந்திருக்கும். மெல்லிய காகிதத்தை நுழைத்து இழுத்தால் போய்விடும். எங்கள் கரிசல் காட்டு ஆர்கனுக்கு வெயிலில் மரம் சுருங்கிப் பலகையில் வெடிப்பு விழும். காற்று கசிந்து, எவ்வளவு மிதித்தாலும் சத்தம் ஏறாது. கடற்கரை ஆர்கனில் பலகை நன்றாக இருக்கும், பித்தளையில் களிம்பு ஏறியிருக்கும். எலியும் கரையானும் இரண்டு ஊருக்கும் பொது.

எங்கள் குடும்பம் தென்னிந்தியத் திருச்சபை. அதற்கு முன்பு அமெரிக்கன் மதுரை மிஷன். 1834-இல் மதுரைக்கு வந்த அந்த மிஷன் திருமங்கலம், பசுமலை என்று பரவி, திருச்சுழிப் பக்கம் மண்டபசாலையில் ஒரு நிலையம் போட்டது. அருப்புக்கோட்டையிலும் வேலை நடந்தது. அது எழுப்புதல் கூட்டங்களின் சூட்டில் பிறந்த மிஷன். மனந்திரும்புதல், தனி ஜெபம், வீட்டில் வேதவாசிப்பு, சாட்சி சொல்லுதல் எல்லாம் எங்கள் பாட்டி காலத்திலேயே எங்களுக்குப் பழக்கம். லுத்தரன் கோயிலுக்குள் நான் முதலில் போனதே தொழில் நிமித்தம்தான். மதுரை, திருச்சி, தஞ்சாவூர், தரங்கம்பாடி என்று வேலை என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. அங்கே பார்த்ததும் கேட்டதும், பிறகு அது மாறியதும்தான் நான் எழுத வந்த விஷயம்.

ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்தால் கோயிலில் மற்றவர் கவனிக்காத ஒன்று கண்ணில் படும். லுத்தரன் குருவானவர் எப்போது பலிபீடத்தைப் பார்த்து நிற்கிறார், எப்போது சபையைப் பார்த்துத் திரும்புகிறார் என்பது. வாசிப்பவர் அதைக் கவனித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மறுமொழிப் பாட்டை இடம் தப்பி எடுத்துவிடுவார். சபையோடு சேர்ந்து பாவ அறிக்கை செய்யும்போது குருவானவர் பலிபீடத்தை நோக்கி நிற்பார். அது முடிந்ததும் திரும்புவார். திரும்பி, மன்னிப்பைச் சொல்லுவார். ஆசையாகவோ வேண்டுதலாகவோ அதைச் சொல்வதில்லை. இதோ உனக்குக் கிடைத்துவிட்டது என்று அறிவிக்கும் தொனியில் சொல்லுவார். எங்கள் பக்கத்தில் பாவமன்னிப்பு என்றால் நானே அழுது, நானே மன்றாடி, உள்ளே ஒரு நிம்மதி வருகிறதா என்று நானே தொட்டுப் பார்த்துக்கொள்கிற காரியம். இங்கே வெளியிலிருந்து ஒருவர் வாயால் வந்து காதில் விழுகிறது. முதல் தடவை அதைக் கேட்டபோது கருவியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் பாட்டு. ஞானப்பாட்டு என்பார்கள். ஜெர்மானிய ராகம், தமிழ் வார்த்தை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தரங்கம்பாடி, சென்னை மிஷனரிகள் மொழிபெயர்க்கத் தொடங்கியவை. பெப்ரிசியுஸ் பெயர் இதில் முக்கியமானது. அவர் வேதாகமத்தையும் மொழிபெயர்த்தார், 1779-இல் ஓர் அகராதியும் வெளியிட்டார். அந்தப் பாட்டுகளின் தமிழ் இன்றைய காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும். ஆனால் சபை முழுவதும் பாடுவதற்கென்று கட்டிய பாட்டு அது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூச்சுக்கு இடம் இருக்கும். ஆர்கன்காரர் அங்கே ஒரு கணம் நிற்பார். துருத்தியும் நிறையும், எழுபது வயதுக்காரருடைய நெஞ்சும் நிறையும். அடுத்த வரி எல்லாரும் சேர்ந்து எடுப்பார்கள்.

கடற்கரைச் சபை ஒன்றில் ஒரு பழைய ஆர்கனைப் பிரித்துப் போட்டிருந்தேன். களிம்பைத் துடைத்து ரீடுகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கையில், பீடத் துணி மாற்ற வந்த ஒரு பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பல் பாதி இல்லை. சுருதி சரிபார்க்க நான் ஒரு ராகத்தின் நாலு சுரத்தை எடுத்ததும் அவர் பாட்டைப் பிடித்துக்கொண்டார். புத்தகம் இல்லை, மைக் இல்லை. ஒன்பது அடியையும் வரிசை மாறாமல் பாடினார். நடுவில் நிறுத்தி, "தம்பி, அந்தக் கட்டை இன்னும் அழுவுது பாரு" என்றார். அவர் காட்டிய கட்டையில் அடுத்தடுத்த இரண்டு ரீடுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தது உண்மை. "பாட்டு எங்கம்மா படிச்சீங்க?" என்றேன். "திடப்படுத்தல் கிளாசுல. ஞானோபதேசமும் பாட்டும் ஒப்பிச்சாத்தான் அந்தக் காலத்துல திருவிருந்து" என்றார். அந்தப் பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அந்தச் செய்தி பெரிதாகப் பட்டது. படிப்பறிவு இல்லாத ஒருத்திக்கு லுத்தருடைய சிறிய ஞானோபதேசத்தையும் ஒரு மூட்டை இறையியலையும் பாட்டாகக் கட்டிக் கையில் கொடுத்திருக்கிறது அந்தச் சபை.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. முதலில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வந்தது. ஆண்டுக்கொரு முறை பந்தல் போட்டு எழுப்புதல் கூட்டம் வந்தது. தினகரன் அவர்களின் 'இயேசு அழைக்கிறார்' வானொலியிலும் மைதானங்களிலும் கேட்டது. கத்தோலிக்கக் குருவாக இருந்து வெளியே வந்த பெர்க்மான்ஸ் அவர்களின் ஜெபத்தோட்டப் பாடல்கள் ஒலிநாடாவாக வீட்டுக்கு வீடு போயின. இவற்றில் எதுவும் லுத்தரன் சபைக்காக உண்டானதல்ல. எல்லாச் சபைக்கும் பொதுவாகக் காற்றில் வந்தது. பிறகு வாலிபர் ஐக்கியம் கீபோர்டு வாங்கியது. ஆராதனை முறைமை தொடங்குமுன் 'துதி ஆராதனை' என்று கால் மணி நேரம். அது அரை மணியாயிற்று. நேரம் போதாதபோது எதைக் குறைப்பது? பிரசங்கத்தைக் குறைக்க முடியாது, அறிவிப்பைக் குறைக்க முடியாது. ஞானப்பாட்டில் இரண்டு அடி போதும் என்றானது. விசுவாசப் பிரமாணத்தை வேகமாகச் சொன்னார்கள். ஒரு சபையில் பாவ அறிக்கையையே மௌன ஜெபமாக்கிவிட்டார்கள். அறிக்கை மௌனமானால் மன்னிப்பை எப்படிச் சத்தமாகச் சொல்வது? அதுவும் போயிற்று. அன்று குருவானவர் பலிபீடத்திலிருந்து திரும்பவே இல்லை. ஆர்கன் பெஞ்சிலிருந்து பார்த்ததால் எனக்கு அது தெரிந்தது. கீழே உட்கார்ந்திருந்த சபைக்குத் தெரிந்திருக்குமா என்று சொல்ல முடியாது.

இந்தக் காலத்தில்தான் எனக்கு ஒரு புதுவகை வேலை வரத் தொடங்கியது. "கீபோர்டுக்கும் ஆர்கனுக்கும் சேர மாட்டேங்குது, ஆர்கனைக் கீபோர்டு சுருதிக்கு ஏத்திக் கொடுங்க." பழைய ஆர்கன்கள் பல இன்றைய அளவுக்குச் செய்யப்பட்டவை அல்ல. இன்று உலகம் முழுக்க 440 அதிர்வை அளவாக வைக்கிறார்கள்; முன்பு 435-உம் இருந்தது, வேறு அளவுகளும் இருந்தன. இரண்டையும் சேர்த்து வாசித்தால் காது கூசும். ஏற்ற வேண்டுமானால் ஒவ்வொரு ரீடின் நுனியையும் சுரண்ட வேண்டும். நூறு வருஷத்துப் பித்தளை மெலிந்து, சில தகடுகள் நாளடைவில் ஒடிந்தே போகும். இப்படிக் கேட்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: "கீபோர்டில் ட்யூனிங் என்று ஓர் அமைப்பு இருக்கு தம்பி. பட்டனை அமுக்கி இவ்வளவு இறக்குங்க. ஆர்கன் பக்கத்துல வந்து நிற்கும்." அங்கேயே செய்து காட்டுவேன். பெரும்பாலும் வாலிபர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்; அப்படி ஒரு வசதி இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

புதுப்பாட்டையே வேண்டாம் என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. அப்படிச் சொல்ல வரலாறும் இடம் தராது. 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் புளூட்சோவும் டென்மார்க் அரசர் அனுப்பிய லுத்தரன்கள். ஆனால் அவர்களை வார்த்தெடுத்தது ஜெர்மனியின் ஹாலே நகரம். பிராங்கே என்பவர் அங்கே அநாதை விடுதியும் பள்ளிகளும் நடத்தினார். வாயால் அறிக்கை செய்தால் போதாது, உள்ளம் மாற வேண்டும், வீட்டில் கூடி வேதம் வாசிக்க வேண்டும், ஏழைக்குச் செய்ய வேண்டும் என்ற பக்தி எழுச்சியின் தலைநகர் அது. இன்றைக்கு நாம் எழுப்புதல் என்று சொல்வதன் பெரிய பாட்டன் அவர்கள்தான். லுத்தரன் சபைக்குள் இந்தச் சூடு வெளியிலிருந்து புகுந்தது என்று நம் ஊரில் சொல்ல முடியாது. தமிழ்நாட்டு லுத்தரன் சபை பிறந்ததே அந்தச் சூட்டில்.

பாட்டு விஷயத்தில் இன்னும் சுவாரசியம் இருக்கிறது. 1704-இல் ஹாலேயில் பிரைலிங்ஹவுசன் ஒரு பாட்டுப் புத்தகம் வெளியிட்டார். நிறையப் புதுப்பாட்டுகள், புதிய துள்ளல் ராகங்கள். லுத்தர் வாழ்ந்த விட்டன்பர்க் நகரின் இறையியல் பேராசிரியர்கள் அதை எதிர்த்துக் கருத்துரை எழுதினார்கள். அது 1716-இல் அச்சில் வந்தது. ராகம் குதிக்கிறது, கோயிலுக்கு ஆகாது என்பது அவர்கள் குறைகளில் ஒன்று. இன்று நம் சபைப் பெரியவர்கள் வாலிபர்களின் பாட்டைப் பற்றிச் சொல்லும் அதே குறை. அந்தக் குதிக்கிற ராகங்களின் சொந்தக்காரர்கள்தான் தமிழ்ச் சபைக்குப் பாட்டுக் கற்றுக்கொடுக்க வந்தவர்கள்.

எங்கள் கரிசல் காட்டுக்கும் இதில் பங்கு உண்டு. திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர் வேதநாயக சாஸ்திரியார். லுத்தரன் மிஷன் தந்த மாபெரும் தமிழ்ப் புலவர். கர்நாடக இசையில் அவர் கட்டிய கீர்த்தனைகளை அமெரிக்கன் மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் தேடிப் போய்த் திரட்டி, வேறு சிலருடையவற்றோடு சேர்த்து 1853-இல் புத்தகமாக்கினார். தஞ்சாவூர் லுத்தரன் பாட்டு எழுப்புதல்காரர்கள் கைவழியாகத்தான் மண்டபசாலைப் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்தது. என் பாட்டி களத்துமேட்டில் பாடியது அதைத்தான். ஆகவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொடுத்து வாங்கியது ரொம்ப காலமாக நடக்கிறது; யாரும் சுத்தக்காரர் இல்லை.

ஒரு விஷயத்தில் எழுப்புதல்காரர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1847-இல் மதுரை மிஷன் தன் உபதேசியார்களை எல்லாச் சாதியாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னது. மறுத்தவர்களை வேலையிலிருந்து நீக்கியது. தஞ்சைப் பக்கம் லுத்தரன் மிஷனைக் கையில் எடுத்திருந்த லைப்சிக் மிஷன், சாதி சமூக வழக்கம், மெதுவாகப் போகட்டும் என்று விட்டுப் பிடித்தது. அதைத் தாங்க முடியாமல் ஓக்ஸ் என்ற லைப்சிக் மிஷனரியே விலகிப் போய்க் கடலூர்ப் பக்கம் தனியாக ஊழியம் தொடங்கினார். அதிலிருந்து வந்ததுதான் ஆற்காடு லுத்தரன் திருச்சபை. ஒழுங்கான ஆராதனை முறைமையும் அழகான பாட்டும் வைத்துக்கொண்டே ஒரு சபை சாதியோடு சமாதானமாக இருக்க முடியும் என்பதற்கு இந்தப் பழைய கதையே சாட்சி. உள்ளம் மாறினாயா என்று உரக்கக் கேட்கிற குரல் அங்கே தேவைப்பட்டது. இன்றும் பல சபைகளில் தேவைப்படுகிறது.

உபவாசக் கூட்டங்களை நான் இழிவாக நினைப்பதில்லை. மழை பொய்த்து, வட்டிக்கடன் ஏறி, புருஷன் குடித்துக் கிடக்கிற வீட்டில் வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்து சேர்ந்து அழுதவர்கள் யார்? பெரும்பாலும் அந்த ஜெபக்குழுப் பெண்கள்தான். ஞாயிறு ஆராதனையில் வாயே திறக்க வாய்ப்பில்லாத பெண்கள் அங்கே எழுந்து நின்று சாட்சி சொன்னார்கள். என் சொந்தத்திலேயே குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள். குருவானவர் வீடு சந்திக்க வராத சபையில் அந்த இடத்தை வேறு யாரோ நிரப்பியதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் பாட்டோடு ஒரு போதனையும் வருகிறது. அங்கேதான் எனக்குக் கவலை. ஞாயிறுதோறும் ஒரு சபை பாடுவதுதான் அதன் உண்மையான ஞானோபதேசம். புத்தகத்தில் என்ன அச்சாகியிருந்தாலும் சரி. நான் உம்மைத் தெரிந்துகொண்டேன், நான் ஒப்புக்கொடுக்கிறேன், நான் துதிப்பேன், நான் ஓடுவேன் என்றே பாடிப் பழகிய பிள்ளைக்கு, குழந்தையாக இருந்தபோது தனக்குக் கொடுத்த ஞானஸ்நானம் ஒன்றுமில்லாததாகத்தான் தோன்றும். அதில் அவள் எதையும் செய்யவில்லையே.

ஒரு மதியம் நான் ஆர்கனுக்கு அடியில் படுத்து மிதிகட்டைப் பட்டையை மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் திடப்படுத்தல் வகுப்பு. ஒரு பெண் கேட்டாள்: "ஐயா, குழந்தையில எடுத்தது செல்லாதுன்னு எங்க அத்தை சொல்றாங்க. ஆத்துல போயி முழுகி எடுத்தாத்தான் ரட்சிப்பாம். அவங்க எடுத்துட்டாங்க." குருவானவர் கோபப்படவில்லை. "அத்தை நல்லாயிருக்காங்களா? ஜெபத்துக்குப் போறாங்கல்ல, நல்லது" என்று முதலில் விசாரித்தார். பிறகு, "உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யாரு பாப்பா?" என்றார். "பழைய ஐயரு." "ஐயரு தண்ணி ஊத்தினாரு. யாரு பேரால ஊத்தினாரு?" அவள் சொன்னாள். "அப்ப கொடுத்தது அவரு. அவரு கொடுத்ததைச் செல்லாதுன்னு யாரு சொல்ல முடியும்? நீ மறந்தாலும் அவரு மறக்கல. உனக்கு நம்பிக்கை குறைஞ்ச அன்னைக்கு உன் மனசைத் தேடாத. இதை நினைச்சுக்க." அவ்வளவுதான். அடியில் படுத்திருந்த நான் பட்டையை இழுத்துப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர், நான் மெய்யாகவே இரட்சிக்கப்பட்டேனா, அன்று அழுதது போதுமா என்று வருஷக்கணக்காகத் தூக்கம் கெட்டுக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

லுத்தரன் சபைக்கு எழுப்புதல்காரர்கள் கற்றுக்கொடுக்க இருப்பது ஏராளம். திருப்பிக் கொடுக்க லுத்தரன் சபையிடம் இருக்கும் பெரிய பண்டம் இந்த ஒன்றுதான்: கிருபை எனக்குள்ளிருந்து ஊறுவதில்லை, எனக்கு வெளியே நின்று எனக்குக் கொடுக்கப்படுகிறது என்ற நிச்சயம். தண்ணீராக, அப்பமும் ரசமுமாக, ஒரு மனிதன் வாயால் சொல்லக் காதில் விழும் மன்னிப்பாக. அந்தப் பண்டத்தை ஒளித்து வைத்துவிட்டு, மைதானக் கூட்டத்தின் நகலாக ஆராதனையை மாற்றினால் இரண்டு பக்கமும் ஏழையாகும். மைதானக் கூட்டம் நன்றாகவே நடத்தத் தெரிந்தவர்கள் வேறே இருக்கிறார்கள்.

1530-இல் எழுதிய அவுக்ஸ்பூர்க் விசுவாச அறிக்கையே, சடங்கும் முறைமையும் எல்லா ஊரிலும் ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை என்கிறது. நற்செய்தி சரியாக அறிவிக்கப்பட்டு, திருவருட்சாதனங்கள் சரியாக வழங்கப்பட்டால் போதும். ஆகையால் கீபோர்டா ஆர்கனா என்பது விசுவாசப் பிரச்சினை இல்லை. தபேலாவும் வயலினும் வைத்துச் சாஸ்திரியார் கீர்த்தனை பாடுகிற சபையில் அருமையான ஆராதனை கேட்டிருக்கிறேன். என் கவலை கருவியைப் பற்றியதில்லை. யார் பாடுகிறார்கள் என்பதைப் பற்றியது. மேடையில் நால்வர் கையில் மைக் வந்ததும் கீழே முந்நூறு பேர் வாய் மூடிக்கொள்கிறார்கள். கீபோர்டில் ரிதம் ஓடத் தொடங்கினால் அது யாருக்காகவும் நிற்பதில்லை. வரி முடிவில் மூச்சு வாங்கும் பெரியவர்கள் இரண்டு தடவை பிந்திவிட்டு, மூன்றாவது தடவை பாடுவதை விட்டுவிடுகிறார்கள். ஜனங்களுக்கு அவர்கள் பாஷையில் பாட்டைக் கொடுத்து, பாடகர் குழு கையிலிருந்த பாட்டைச் சபையின் வாயில் வைத்தவர் லுத்தர். அவர் பேரைச் சுமக்கும் சபையில் அது மறுபடி மேடைக்கு ஏறிப் போவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நல்லதும் பார்க்கிறேன். காவிரிக்கரைச் சபை ஒன்றில் கீபோர்டு வாசிக்கும் பையன், இன்ஜினியரிங் படிப்பவன், நான் ஆர்கனைப் பூட்டும் வரை பக்கத்திலேயே நின்று எல்லாம் கேட்டான். ரிதத்தை அணைத்துவிட்டு ஞானப்பாட்டு வாசித்துப் பார் என்றேன். வாசித்தான். வரி முடிவில் நின்று சபையைப் பார்க்கச் சொன்னேன். அடுத்த ஞாயிறு அப்படியே செய்திருக்கிறான். "அண்ணே, எல்லாரும் பாடுறாங்கண்ணே" என்று போன் பண்ணினான். இப்போது அந்தச் சபையில் துதிப்பாட்டு இருக்கிறது, உபவாச ஜெபம் இருக்கிறது, பாவ அறிக்கையும் மன்னிப்பும் முழுசாக இருக்கின்றன. இரண்டும் ஒரு கூரைக்குள் இருக்க முடியும்.

சபைக் கமிட்டியார்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. ஞாயிறுதோறும் ஒரு ஞானப்பாட்டையாவது எல்லா அடிகளும் மைக் இல்லாமல் சபையாரே பாட விடுங்கள். நேரம் போதவில்லை என்றால் எதை வேண்டுமானாலும் குறையுங்கள். பாவ அறிக்கையையும் மன்னிப்பையும் குறைக்காதீர்கள். திடப்படுத்தல் வகுப்பில் பாட்டையும் ஒப்பிக்கச் சொல்லுங்கள். உங்கள் கோயிலின் பின்னறையில் பழைய பாயும் உடைந்த நாற்காலியும் ஏற்றிவைத்த ஆர்கன் ஒன்று கிடந்தால் பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடுமுன் மூடியைத் திறந்து ஒரு தடவை மிதித்துப் பாருங்கள். மரம் வெடித்திருந்தாலும் துருத்தி கிழிந்திருந்தாலும் பெரும்பாலும் சரி பண்ணிவிடலாம். நான் வர முடியாத தூரமாக இருந்தால், உங்கள் சபையிலேயே கீபோர்டு வாசிக்கிற பிள்ளை ஒருவனை என்னிடம் அனுப்புங்கள். எனக்குத் தெரிந்ததை அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.